பொலித்தீனுக்குள் ஒரு சிவப்புக் கார்

2024 மே 12, ஞாயிறு

லிஃப்ட் வேலை செய்யவில்லை. கடை ஆட்கள் இருவர் ஒரு காரை எங்கள் மூன்றாம் மாடிக்குச் சுமந்து வந்தார்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பற்றரிக் கார். சிவப்பு. இரண்டு கதவு, ஹோர்ன், முன்விளக்கு.

அனுப்பியவர் என் மனைவி டெனிஷாவின் அண்ணன் ஒஸ்வால்ட். மெல்பனில் இருந்தபடியே கொழும்புக் கடையொன்றுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டுப் பெண் ஒரு இந்துப் பையனை, அதுவும் ஹற்றன் தேயிலைத் தோட்டத்து ஆளை, கட்டுவதா என்று கேட்டவர். நாங்கள் கட்டிக்கொண்டதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஐந்து வருடமாகக் கதைக்கவில்லை. இப்போது கார் அனுப்பியிருக்கிறார்.

மகள் ஐறீனுக்கு மூன்று வயது. ஏறப் போனவளை டெனிஷா பிடித்துக்கொண்டாள்.

"டிசம்பருக்கு அண்ணா வாறாராம். அவர் பார்க்கிற வரைக்கும் பொலித்தீன் கழட்ட வேணாம்."

வெள்ளவத்தையில் கார் வைத்திருப்போர் தொகையில் ஒன்று கூடியிருக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

காருக்குச் சோபா இருந்த இடம் ஒதுக்கப்பட்டது. சோபா வாசலோரம் போனது. வருகிறவர்கள் முதலில் காரைப் பார்க்கிறார்கள், பிறகு பிள்ளையை. ஐறீன் வெளியே நின்று பொலித்தீனுக்கு மேலாக ஹோர்னை அழுத்துகிறாள். சத்தத்தை வாயால் கொடுக்கிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

பொலித்தீனில் தூசி. துடைத்தேன். இனி அதைக் காப்பாற்ற அதற்கு மேல் ஒரு துணி வேண்டுமாம், டெனிஷா சொல்கிறாள்.

ஒக்டோபர் 10, வியாழன்

திணைக்களக் கந்தோரில் என் பக்கத்து மேசை றொஹான். அவனுடைய மகனுக்கும் இப்படியொரு கார் உண்டு. மாதம் எத்தனை முறை சார்ஜ் போடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். மே மாதத்திலிருந்து பொலித்தீன் கழற்றவில்லை என்றேன். ஒரு வீட்டில் சாவு என்று கேள்விப்பட்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

உள்ளே இருப்பது ஈயப் பற்றரியாம். முதல் ஓட்டத்துக்கு முன் முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஏற்ற வேண்டும். வெறுமையாகக் கிடந்தால் தானாகவே கெட்டுப்போகும். ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம் என்றான். சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியே இருபது வருடம் போக்கிய எனக்கு இது தெரிந்த விஷயந்தான். ஈயத்துக்கும் பொருந்தும் என்பது தெரியாது.

பாவனைக் கையேட்டில் எல்லாம் இருக்குமாம். கையேடு ஆசனத்துக்கு அடியில். ஆசனம் பொலித்தீனுக்குள்.

ஒக்டோபர் 11, வெள்ளி

வீட்டில் பேச்சுவார்த்தை. கழற்றுவதில்லை என்பதில் டெனிஷா அசையவில்லை. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணாக்கு ஒரு குறை போதுங்க. அப்பவே சொன்னன்தானேன்னு சொல்லிட்டுப் போயிருவார். பிறகு வரவே மாட்டார். எனக்கு இருக்கிறது அவர் மட்டுந்தானே."

அவளுடைய அம்மா அப்பா இருவரும் இல்லை. சார்ஜர் வயர் போக ஒரு வழி மட்டும் கேட்டேன்.

இறுதியில் ஒரு துளைக்கு இணங்கினாள். சார்ஜர் குத்தும் இடத்தில் மட்டும், கத்தரிக்கோலால், அவளே வெட்டினாள். குத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் நிறைந்துவிட்டது.

"பார்த்தீங்களா, புதுச் சாமான்," என்றாள்.

நவம்பர் 10, ஞாயிறு

மறுபடி சார்ஜ். குத்தியவுடன் பச்சை. இந்த நாட்டில் இவ்வளவு விரைவாக முடிந்த வேலையை நான் வேறு கண்டதில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஒஸ்வால்ட் வந்தார். பெரிய உடம்பு, நரைத்த மீசை. எனக்குக் கை கொடுத்தார். ஐறீனின் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்களுடைய அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

பொலித்தீனை அவரே கிழித்தார். கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோவிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். டெனிஷா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நான்கு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து நான்கு சில்லுக்கும் கீழே வைத்தாள். எங்கள் ஊரில் புதிய வாகனத்துக்கு அப்படித்தான் செய்வோம். ஒஸ்வால்ட் பழங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தீர்த்தப் போத்தலை மூடி வைத்தார்.

ஐறீன் ஏறி மிதித்தாள். ஒன்றுமில்லை. ஹோர்ன் இல்லை, விளக்கு இல்லை. நான் சார்ஜரைக் குத்தினேன். பச்சை. மிதி என்றேன் — ஒன்றுமில்லை. எலுமிச்சம்பழங்கள் முழுதாக இருந்தன. இரண்டு மதத்தாலும் முடியவில்லை.

"இதை ஓட்டவே இல்லையா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல," என்றேன்.

"ஏன்? பிள்ளைக்குத்தானே அனுப்பினனான்."

டெனிஷா சமையலறை வாசலில் நின்றாள். "நீங்க வந்து பார்க்கணும்னுதான் அண்ணா."

ஒஸ்வால்ட் காரை ஒருமுறை சுற்றி வந்தார். இப்ப சொல்லப் போறாரு, அப்பவே சொன்னேன்னு சொல்லப் போறாரு — என்று நான் ஐறீனின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டார்.

டிசம்பர் 16, திங்கள்

அரை நாள் லீவு. பற்றரியைத் தூக்கிக்கொண்டு அவரும் நானும் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றுக்குப் போனோம். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு காட்ட வேண்டிய இடத்தில் முள் மூன்றைத் தாண்டவில்லை. செத்த பற்றரி கரண்டை உள்ளே எடுக்காது, எடுக்காதபோது சார்ஜர் வேலை முடிந்ததாக நினைத்துப் பச்சை காட்டும் என்று விளக்கினார். எங்கள் திணைக்களமும் அப்படித்தான் என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

புதியது வாங்கினோம். திரும்பும்போது த்ரீவீலரில் ஒஸ்வால்ட் ஓயாமல் பற்றரி பற்றியே கதைத்தார். முழுக்க இறங்கும் வரை ஓட்ட விடக்கூடாது. ஓடிய சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது. இரவில் குத்திவிட்டு மறுநாள் மாலை வரை மறக்கக்கூடாது. நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

பம்பலப்பிட்டியில், வெளியே பார்த்தபடி, "கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்," என்றார். உடனே, "பற்றரிய நிமித்திப் பிடிங்க," என்றார்.

நிமிர்த்திப் பிடித்தேன்.

மாலை கார் ஓடியது. இரண்டு பழம் நசுங்கியது. மற்ற இரண்டையும் நேற்றே பிழிந்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தாயிற்று.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

ஜனவரியில் திரும்பிப் போனதிலிருந்து ஒஸ்வால்ட் மாதத்தின் முதல் ஞாயிறு அழைக்கிறார். டெனிஷாவின் போனுக்கு அல்ல, என்னுடையதற்கு. சார்ஜ் போட்டாயிற்றா என்று கேட்பார். போட்டேன் என்பேன். எவ்வளவு நேரம் என்பார். சொல்வேன். பிறகு மழையா என்பார். வேறு அதிகம் கதைப்பதில்லை. ஆனால் அரை மணித்தியாலம் போய்விடும்.

இன்று உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஐறீனின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. போன கிழமை காரை வத்தளையில் பேர்னாட்டின் மகனுக்குக் கொடுத்துவிட்டோம். பேர்னாட் டெனிஷாவுக்கும் ஒஸ்வால்ட்டுக்கும் சித்தப்பா பிள்ளை. கவனமாகப் பார்ப்பான் என்றும் சொன்னேன்.

லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப, வீட்டில வேற என்ன பற்றரி இருக்கு?"

சுற்றிப் பார்த்தேன். "சுவர் மணிக்கூட்டில ஒன்னு இருக்கு," என்றேன்.

"எப்ப மாத்தினது?"

பார்த்துச் சொல்கிறேன், போனை வைத்துவிட வேண்டாம் என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.