சமைக்கிற ஆளின் உயரம்

என் புஷ்பத்துக்கு,

நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில், ஒரே பட்டறையில் இருக்கிற பெண்டாட்டிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். நம் மகன் பிரகாஷோடு எனக்குச் சண்டை. நம் வீட்டு அடுப்படியைப் பற்றித்தான்.

போன மாதம் உன் முதல் வருஷத் திதிக்கு அவன் கண்டியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். சிரிக்காதே. உன் உயரத்துக்கென்று முப்பத்தொரு அங்குலத்தில் போட்ட மேடை எனக்குத் தொடைக்குத்தான் வருகிறது. ஒரு வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுபோகிறது. அன்றைக்கு நிமிரும்போது பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி நின்றதை அவன் பார்த்துவிட்டான்.

"ஆறு அங்குலம் ஒசத்திடலாம்ப்பா. ஒரு நாள் வேலதான்," என்றான்.

"அம்மா அடுப்படியில எவனும் கை வைக்கக்கூடாது," என்று கத்திவிட்டேன். கரண்டியை வேறு வீசினேன். திதியன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிரகாஷ் பதில் பேசவில்லை. கோபம் வந்தால் நீ வாயை மூடிக்கொள்வாயே, அதே மாதிரி. சாயங்காலமே கண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். அதன்பிறகு கடை விஷயம் தவிர வேறெதுவும் அவன் என்னோடு பேசுவதில்லை.

நீ பார்க்காத கடை அது. ஹட்டனில் மெயின் ரோட்டிலேயே, கண்ணாடி வைத்த ஷோரூம். உள்ளே மாதிரிக்கு நான்கு அடுப்படி, இங்கே குசினி என்றுதான் கேட்கிறார்கள், ஜோடித்து வைத்திருக்கிறோம். குவார்ட்ஸ் கல் மேடை, எத்தனை வேகமாகத் தள்ளினாலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிற இழுப்பறை, தட்டினால் திறக்கிற கதவு. பிரகாஷ் கண்டியிலிருந்து வந்துபோய், கொம்பியூட்டரில் வரைந்து, வீடு கட்டுமுன்பே குசினிக்குள் நடந்து பார்ப்பதுபோலக் காட்டுகிறான். நுவரெலியாவில் பங்களாக்காரர்கள், கண்டியில் டொக்டர்கள், கொழும்பிலிருந்துகூட வருகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து இழுப்பறையைத் திறந்து மூடி, அது எந்தப் பக்கம் வரவேண்டுமென்று சண்டை போடுகிறார்கள். நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தச் சண்டையின் மேல் பொறாமை.

மத்தியானத்தில் ஆளில்லாத நேரம், அந்தக் குசினிகளில் ஒன்றில் உட்கார்ந்து சோத்துப் பார்சலைப் பிரிக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, அடுப்பு பற்றாது. எல்லாம் பார்வைக்குத்தான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போகவேண்டும். இத்தனை பெரிய இடத்தில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை, புஷ்பம்.

இதெல்லாம் யாரால் வந்தது என்று ஊருக்குத் தெரியாது. என் அப்பா பொகவந்தலாவையில் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி அடித்தவர். பிறகு ஹட்டனில் தகரக் கொட்டகை போட்டு, கதவு, ஜன்னல், கட்டில் என்று செய்தார். நானும் அதையே செய்தேன். கொத்மலையிலிருந்து நீ வாழ வந்திராவிட்டால், இன்றைக்கும் கட்டிலுக்குக் கால் கடைந்துகொண்டிருப்பேன்.

கொட்டகலை டீச்சர் வீட்டில் முதன்முதலாக அடுப்படிக்குப் பென்ட்ரி கபட் கேட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? அளவெடுக்கப் போன என்னோடு நீயும் தொற்றிக்கொண்டாய். நான் டேப்பை இழுக்குமுன், "டீச்சர், நீங்க ஒரு பிளேன்டீ ஊத்துங்க. நாங்க சும்மா பாத்துக்கிட்டு இருக்கோம்," என்றாய். எனக்கு மானமே போய்விட்டது. முதல் தடவை போகிற வீட்டில் கேட்டு வாங்கிக் குடிக்கிறாளே என்று உன்னை முறைத்தேன். நீ என்னைக் கண்டுகொள்ளவேயில்லை. டீச்சர் சீனிப் போத்தலுக்கு எக்குவதையும், கேத்தலோடு மூன்று எட்டு நடப்பதையும், சூட்டுத்துணியைத் தேடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய்: "செவத்த அளந்து என்னங்க பிரயோசனம்? சமைக்கிற ஆள அளக்கணும்."

அன்றிலிருந்து நம் தொழில் அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிளேன்டீ, பிறகுதான் டேப். நம்மைத் தேநீர்க் கோஷ்டி என்று மற்றக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று சிரித்தாய். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

இனி நான் செய்த தப்பைச் சொல்லவேண்டும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் திதிக்குச் சில மாதம் முன்பு, இறம்பொடையில், அருவிக்கு எதிரே, கொழும்பு நோனா ஒருவர் புதிதாக வீடு கட்டினார். நானும் பிரகாஷும் அளவெடுக்கப் போனோம். அன்றைக்கென்று சரியான மழை. போனவுடனே பிளாஸ்க்கிலிருந்து சூடாக டீ ஊற்றிக் கேக்கோடு கொடுத்தார்கள். குடித்தேன். நல்ல டீ. அதைப் போட்டது யார் என்று கேட்கவில்லை. நோனாவை நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கை எத்தனை உயரம் என்று அளந்தோம். உயரமான பெண்மணி. முப்பத்தாறு அங்குலம் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

குசினி முடிந்தபோது, படம் எடுத்துப் போடுகிற அளவுக்கு அழகாக இருந்தது. ஒரே கல், ஒரே கோடு. ஒரு மாதம் கழித்து, கதவு ஒன்று சாய்ந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் போனேன். உள்ளே ஒரு பெண் சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். பெயர் மாரியாயி. அந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆள். உன் உயரம்கூட இருக்காது. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி சுற்றியிருந்தது.

"என்னம்மா கையில?"

"பொட்டி சரிஞ்சிருச்சிங்கய்யா. கொதிச்ச சட்டி மேல விழுந்துருச்சி." பிறகு, யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "அடுத்த மாசத்தோட நோனா வேலய விட்டு நிக்கச் சொல்லிட்டாங்க. இந்தக் குசினிக்கு நான் பத்தமாட்டேனாம். பழைய வீட்டுலயும் பதினோரு வருசமா நான்தாங்க சமைச்சேன்."

நோனா கெட்டவர் இல்லை. அவளுக்குத்தான் ஆபத்து, உயரமான ஆளாகப் பார்க்கிறேன் என்று சிங்களத்தில் தன்மையாகவே சொன்னார். ஆளுக்கு ஏற்ற குசினி செய்யப் போய், குசினிக்கு ஏற்ற ஆளைத் தேட வைத்துவிட்டேனே. அளவு பிழை என்னுடையது, அடுப்புப் பக்கத்தை ஆறு அங்குலம் இறக்கித் தருகிறேன், செலவு என் பொறுப்பு என்றேன். அப்படியென்றால் நான் சமைக்கும்போது குனியவேண்டுமே என்றார். நீங்கள் எப்போது சமைப்பீர்கள் என்று கேட்டேன். அவர் மாரியாயியின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, சரி, செய்யுங்கள் என்றார்.

பிரகாஷ்தான் குதித்தான். "கல்லு ஒரே கோடா போறதுதாம்ப்பா அதோட அழகே. நடுவுல படி வச்சா யாரு பாப்பாங்க?"

"மாரியாயி பாப்பா," என்றேன். "சமைக்கிற ஆளுக்குத்தான்டா அடுப்படி. ஒங்கம்மா அதத்தான் சொன்னா."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன வாரம் கல்லை வெட்டி இறக்கி முடித்தோம். மூன்று நாள் வேலை. முடிந்ததும் நானே சொன்னேன்: "மாரியாயி, ஒரு பிளேன்டீ ஊத்தும்மா." தரையில் கால் பதிய நின்று ஊற்றினாள். தோளைத் தூக்கவில்லை, எக்கவில்லை. நோனாவும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இவளே இருக்கட்டும் என்றார். நீ இருந்திருந்தால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாய். நான் திரும்பிக்கூடப் பார்த்தேன். யாருமில்லை.

கோப்பையை என் கையில் கொடுத்தபடி மாரியாயி கேட்டாள்: "ஐயா வீட்டுல யாருங்க சமைக்கிறது?"

"நான்தாம்மா. வேற ஆளு இல்ல."

"அப்ப ஒங்க ஒசரத்துக்கு நல்லா வாட்டமா செஞ்சி வச்சிருப்பீங்க," என்றாள்.

டீயைக் குடித்துவிட்டு லொறியில் ஏறிவிட்டேன். பிரகாஷும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.

அந்த மேடையை விட்டுவிட்டால் உன்னில் எனக்கு என்ன மிச்சம், சொல். சேலையெல்லாம் உன் தங்கச்சி கொண்டுபோய்விட்டாள். படத்தில் இருக்கிறவள் சிரிக்கிறாள், ஆனால் நீ படத்துக்குச் சிரிக்கிற ஆளே இல்லை. அந்த உயரம் மட்டும்தான் நிஜமாக நீ. ஒவ்வொரு நாளும் அதில் குனியும்போது, நீ பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறாய், வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாய் என்று இருந்தது. ஒரு வருஷமும் ஒரு மாதமும் அப்படியே ஓட்டிவிட்டேன். இடுப்புவலி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வலிக்கிற வரைக்கும் அது உன் அடுப்படி.

ஆனால் சட்டம் போட்டது நீ. ஊரில் எல்லோருடைய வீட்டிலும் அதைச் செய்துவிட்டு, என் வீட்டில் மட்டும் மாட்டேன் என்றால் நீயே என்னை விடமாட்டாய்.

நேற்று பிரகாஷுக்கு ஃபோன் போட்டேன். "ஆளு ரெண்டு பேர அனுப்புடா. நீயும் வா," என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. "முழங்கைய அளக்கணும்ப்பா. டீ ஊத்தி வைங்க, பாக்கணும்," என்றான்.

நாளைக் காலையில் வருகிறார்கள். ஆறு அங்குலம் ஏறிவிட்டால், அந்த மேடை உனக்கு எட்டாது, புஷ்பம். தெரிந்துதான் வரச் சொன்னேன். இனி அங்கே சமைக்கிற ஆள் நான். நிமிர்ந்து நின்று சமைத்து, வேளைக்குச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்,
ஆறுமுகம்
ஹட்டன்