ஓடைக்குக் குறுக்கே கட்டிய கம்பி

உங்களைக் கொன்றது தோட்ட நிர்வாகம். மேட்டில் மாட்டுக்கொட்டில் போட இடம் கேட்டவர்களை ஓடைப் பள்ளத்துக்குத் துரத்தியது அவர்கள்தான். இதை யாரிடமும் தயங்காமல் சொல்வேன், அக்கா. இன்று யட்டியாந்தோட்டை இரும்புக்கடையில், நான் வேலை பார்க்கும் இடத்தில், புதுக் கட்டுக்கம்பிச் சுருளைப் பிரித்தபோது எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. மிச்சத்தையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பள்ளத்து வேலியை எப்படிக் கட்டுவது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. இரு கரையிலும் பச்சைக் கிளிசிறியா மரப் போத்துகளை நெருக்கி நட்டீர்கள். அவை வேர் பிடித்து மரமாகின. ஓடை குறுக்கிடும் இடத்தில் மட்டும் மூங்கில் தட்டி. அதன் ஒரு பக்கத்தைக் கயிற்றாலும் மறுபக்கத்தை வாழைநாராலும் கட்டுவீர்கள். வெள்ளம் வந்தால் நார் அறும், தட்டி கதவு மாதிரித் திரும்பிக் கரையோரம் ஒதுங்கும். தண்ணீர் வடிந்ததும், ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து, முழங்கால் சேற்றில் குனிந்து திரும்பவும் கட்டுவீர்கள்.

அப்படி அறுந்த ஒரு நாளில்தான் உங்கள் மாடு ரப்பர் நாற்றுமேடைக்குள் போனது. இன்னொரு தடவை வந்தால் மாட்டைப் பிடித்துக்கொள்வோம் என்று நிர்வாகத்திடமிருந்து சிங்களத்தில் வந்த நோட்டீசை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்தக் கோபத்தில் கடையிலிருந்து கம்பியும் குறடும் கொண்டுவந்தேன்.

"ஓடையில மட்டும் கம்பி வேணாம் தம்பி. அறுந்தா நான் கட்டிக்கிறேன்."

"எத்தன மழைக்கு இப்படிக் குனிஞ்சு கெடப்பீங்க? தொரைக்கும் குனியிறீங்க, தண்ணிக்கும் குனியிறீங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "சரிங்க யூனியன் தலைவரே, கட்டுங்க" என்று தட்டியைப் பிடித்துக்கொண்டீர்கள். நார் இருந்த பக்கத்தைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். அந்தச் சிரிப்பில் சம்மதம் இருக்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

வைகாசி மழையில் வேலி அசையவில்லை. அடித்து வந்த கிளைகளும் சருகும் தட்டியில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கொட்டில்களுக்குள் ஏறியது. நான் கடையில் இருந்தேன்; பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். உங்கள் மாட்டை மேட்டுக்கு விரட்டிவிட்டீர்கள். பக்கத்துக் கொட்டிலில் கன்றுகள் கட்டிக் கிடந்தன. தண்ணீரை வடியவிட, பால் வெட்டும் கத்தியோடு தட்டியருகே இறங்கினீர்கள். நார் என்றால் அந்தக் கத்திக்கு ஒரு வெட்டு. கம்பியை அது அறுக்கவில்லை. கடைசியில் தட்டி பிய்ந்தபோது உங்களையும் கொண்டுபோயிற்று.

நிர்வாகம் வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டது. நான் நிர்வாகத்தின் மேல் போட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. கொட்டில்கள் இன்றும் பள்ளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கம்பியை முறுக்கிய கை என்னுடையது.

போன கிழமை உங்கள் மகள் வந்திருந்தாள். "அம்மாவுக்கு ஒதவுனது நீங்க மட்டுந்தான் மாமா" என்றாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

அவள் நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாளும் நீங்கள் என்னைக் கடிந்து பேசியதில்லை. இப்போது பேசுங்கள். ஒரு தடவை என்னைத் திட்டுங்கள், அக்கா.