கல்லுக்கு ஒரு விரல், பட்டுக்கு ஒரு விரல்

மச்சான்,

மருந்துக்கடைக்காரர் நேற்று ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "வெடிப்புக்கு நல்லது சார், காலுக்கும் தடவலாம், கைக்கும் தடவலாம்" என்றார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். தேன்மெழுகு வாசனை, கூடவே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மேனாம்பேட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்பத்தூருக்குத் திரும்பி வரும் ரயிலின் மரப்பலகை மேல் போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே நீ. "காட்டு கைய" என்று அதட்டுகிறாய்.

இந்த மருந்தை நாம் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. பட்டு நூல் சிக்காமல் ஓட அதை ஒரு மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்துத் தைப்பாய் அல்லவா, அந்தக் கட்டியைச் சீவி, உங்கள் அம்மாவின் அடுப்பில் எண்ணெயோடு உருக்கி, தலைவலித் தைல டப்பாவில் ஊற்றிக் கொண்டுவருவாய். பாறையிலிருந்து இறங்கியதும் முதலில் கை கழுவ வேண்டும். தூக்கிக்கொண்டு நிற்கும் தோலை நகவெட்டியால் ஒட்ட வெட்ட வேண்டும், பிய்க்கக் கூடாது. காய்ப்பின் விளிம்பைத் தேய்க்க, என் தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவரும் பழைய உப்புத்தாள். கடைசியில் மெழுகு. ரயில் ஆவடி வருவதற்குள் இருவர் கையும் பளபளவென்று ஆகிவிடும். எதிரில் இருப்பவர்கள் நம்மை ஏதோ நாடகக் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பாறை ஏறும் இந்தப் பைத்தியத்தை நமக்குப் பிடிக்கவைத்தவர் எங்கள் தொழிற்சாலையில் இருந்த வங்காளி என்ஜினியர். இமயமலைப் பக்கம் பழகிய மனிதர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பொழுது போகாமல், திருத்தணிப் பக்கம் ஒரு மொட்டைப் பாறையைக் கண்டுபிடித்து ஞாயிறுதோறும் ஆள் சேர்த்தார். பூந்தமல்லிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு உன்னையும் நான் இழுத்துப் போனேன். மற்றவர்கள் ஒரு மாதத்தில் கழன்றுகொண்டார்கள். என்ஜினியர் மாற்றலாகிப் போகும்போது கயிற்றை நம்மிடம் விட்டுப் போனார். பாறையில் நான் வேர்த்து விறுவிறுத்து ஏறுவேன். நீ யோசித்து யோசித்து, ஊசி கோர்ப்பதுபோல விரலை வைப்பாய். உனக்கு அது வந்தது, எனக்கு வரவில்லை. இதை அப்போதே நான் பொறாமையோடு ஒப்புக்கொண்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

ஆனால் உன் விரலுக்கு இரண்டு எஜமானர்கள். உங்கள் வீட்டில் தலைமுறையாக ஜரிகைப் பூவேலை. மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டி, தரையில் உட்கார்ந்து குனிந்து தைக்கிற வேலை. கல்லுக்குத் தடித்த தோல் வேண்டும். பட்டுக்கோ வழவழவென்று இருக்க வேண்டும், கொஞ்சம் சொரசொரத்தாலும் இழையை இழுத்துவிடும். திங்கட்கிழமை காலையில் சட்டத்தின் முன் உட்காருமுன் உங்கள் அம்மா ஒரு பட்டுத் துண்டை நீட்டுவார்கள். பத்து விரலாலும் அதைத் தடவிக் காட்ட வேண்டும். ஒரு இழை மாட்டினாலும், "எழுந்திரு. இன்னிக்கி உனக்கு வேலை கெடையாது" என்பார்கள். அந்தத் துண்டுக்குப் பயந்துதான் நீ ரயிலில் அப்படித் தேய்த்தாய். நான் இரும்பு ராவுகிறவன், எனக்கு என்ன? உன் கூடச் சேர்ந்து நானும் தேய்த்தேன்.

எத்தனையோ திங்கட்கிழமைகளை நீ அப்படித் தாண்டினாய். தோல் சிவந்து பளபளத்தால் ஏறுவதை நிறுத்திவிட வேண்டும், ரத்தம் வந்தபின் நிறுத்துவது முட்டாள்தனம் என்பது உன் சட்டம். "கல்லு எங்கியும் ஓடிப் பூடாது மாமே. தோலு பூட்ச்சின்னா வர நாள் ஆவும்" என்பாய்.

அப்புறம் அந்தச் சித்திரை வெயில். பாறையில் விரல் வைத்த இடமெல்லாம் வியர்வையில் வழுக்கியது. சலூனில் கிடந்த ஒரு பத்திரிகையில், கம்பியில் தொங்கி வித்தை செய்கிற வெளிநாட்டுக்காரன் படத்தைப் பார்த்தாய். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி. "இன்னா பவுடர் அது? சுண்ணாம்புதான், வேற இன்னா கீது வெள்ளையா?" என்றாய். எனக்கும் அது சரியாகவே பட்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்று தெரியாத ஆள் நம் ஊரில் உண்டா? இருந்தும் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. உங்கள் அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை வெயிலில் காயவைத்து, பொடித்து, துணியில் முடிந்துகொண்டு வந்தாய். முதலில் அற்புதமாகத்தான் இருந்தது. ஏறிப் பார்க்கலாம் என்று நானும் கையை நீட்டினேன், "இரு, நான் ஒரு தபா பாத்துடறேன்" என்று நீயே திரும்பத் திரும்ப ஏறினாய். இறங்கும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. "எரியுது மாமே" என்று சொல்லிக்கொண்டே ஓடைப் பக்கம் ஓடினாய்.

ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை. கழுவக் கழுவ எரிச்சல் அடங்கவில்லை. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, இரண்டு நாளில் பாளம் பாளமாக வெடித்தது. அப்போது சட்டத்தில் இருந்தது உன் தங்கையின் நிக்காஹ் தாவணி. வேறு யார் துணியாக இருந்தாலும் பரவாயில்லை, அதை நான்தான் முடிப்பேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தாய். நான் பார்க்க வந்தபோது நீ கையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். உங்கள் அம்மா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நீ விட்ட பூவிலிருந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். "உக்காரு தம்பி, டீ குடி" என்றார்கள். பிறகு ஊசியை நிறுத்தாமல் உன்னிடம், "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சிகினு எத்தினி நாளுடா நிப்ப? கல்லா துணியா, நீயே சொல்லு. நா கேக்க மாட்டேன் இனிமே" என்றார்கள். நீ அந்தத் தாவணியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "துணிதாம்மா" என்றாய். நான் டீயை முடிக்காமல் எழுந்து வந்தேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் கை ஆறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியலில், அம்பத்தூர் ஸ்டேஷனில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நின்றாய். "ஏறத்தான கூடாது? கயிறு புடிக்கலாமில்ல" என்றாய். எங்கள் வெல்டிங் பிரிவின் தோல் கையுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். அதன்பின் அத்தனை வருஷமும் நான் மேலே, நீ கீழே. நன்றாக ஏறத் தெரிந்தவன், நான் விழாமலிருக்க என் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏறத் தெரியாதவனுக்கு, "எடது கைய மேல வைய்யி, அதோ அந்த வெடிப்புல" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாறையின் பின்புறம் ஆடு ஏறுகிற சரிவு இருந்தது. நடந்தே மேலே வந்துவிடலாம். கூப்பிட்டால் வரமாட்டாய். "நடந்து வந்து பாக்கறதுலாம் ஒரு பாக்கறதா?" என்பாய்.

ஆனால் நான் உச்சியைத் தொட்டதும் கீழேயிருந்து உன் குரல் வரும். "மேல இன்னா தெரியுது?" நான் கத்திச் சொல்வேன். ஏரியில் தண்ணீர் பாதிதான். பனைமரத்துக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போகிறது. கரும்பு வெட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும், "அப்பால?" என்று கேட்பாய். சொல்ல எதுவும் இல்லாதபோது நானாக இரண்டு மயிலைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் "அப்பால?" தான்.

கயிறு நைந்தது. எனக்கு முழங்கால் போனது. உன் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், நீ மட்டும் சட்டத்தை விடவில்லை. போன மார்கழியில் உன் மகன் போன் செய்தான். பூந்தமல்லிக்கு ஓடி வந்தேன். அடக்கத்துக்காகக் குளிப்பாட்டக் கொண்டுபோகுமுன் உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரவிட்டார்கள். உன் கையை எடுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தேன். பூந்துகில்போல இருந்தன. எதைத் தொட்டாலும் ஒரு இழை மாட்டாது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. எத்தனை ஆசையாகப் பாறையைத் தொட்ட கை அது என்று அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது, மச்சான். சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

எனக்குப் பேச ஆள் இல்லை. என் பெண் போனில் கேட்பாள், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று. அதற்கு ஒரு வார்த்தை போதும். சாயங்காலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறேன். ஏறி முடித்ததும் மூச்சு வாங்க நின்று, தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் புடவை உலர்த்துகிறாள். கோவில்பதாகைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. ஏரி இருந்த இடத்தில் வீடு, வீடு, வீடு.

ஒவ்வொன்றையும் சொன்னபின் கொஞ்ச நேரம் நிறுத்துகிறேன், நீ கேட்பதற்கு இடம் விட்டு.