"வாறன்" என்று சொல்லிப் போனவன்

என் இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகும் வாய் வருகுதில்லை.

அருவி பார்க்கப் போன அன்றைக்கு வான் வண்டியில் இருந்தவர்களை முதலில் எழுதுகிறேன், பிறகு ஒருவரும் மறுக்கக்கூடாது. நீங்கள், நான், மகள் சாந்தி, மருமகன் ரகு, என் தம்பி குணரத்தினம், வானோட்டி சீலன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும். ஞாபகத்தில் இருக்காது.

உரும்பிராயில் ஆறு ஏது, மலை ஏது? காலமெல்லாம் தோட்டக் கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே இழுத்தீர்கள், முதலில் துலாவால், பிறகு மெசினால். "ஆரும் இழுக்காமல் தண்ணி மேலையிருந்து தானா விழுறதை ஒருக்காப் பாக்கோணும்" என்றீர்கள். அதற்காகத்தான் மாத்தளைப் பக்கக் காட்டுக்குப் போனோம். மாரிக்கு மட்டும் விழுகிற அருவி அது. மழை விட்டால் வெறும் பாறை.

வான் நின்ற இடத்திலிருந்து அரை மைல் ஏற்றம். "நீ நட அக்கா, அத்தானை நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றான் குணரத்தினம். சாந்தியும் ரகுவும் என்னைப் பிடித்து ஏற்றினார்கள். பாதி வழியில் அவன் போனும் கையுமாக, தனியாக எங்களைத் தாண்டினான்.

"அத்தான் எங்கையடா?"

"அவருக்கு ஏலாதாம். வானுக்குள்ளை நல்ல நித்திரை."

நம்பினேன். காலில் அட்டை கடிக்கக் கடிக்க ஏறி அருவியைப் பார்த்தேன்.

இறங்கி வந்தால், நீங்கள் வானுக்கு வெளியே தூறலில், வேட்டியை மடித்துக் கட்டி, பொல்லை ஊன்றியபடி.

"ஏனப்பா நனையிறியள்?"

"மச்சான் 'இருங்கோ அத்தான், வாறன்' எண்டவன். அதுதான் நிக்கிறன். சத்தம் கேக்குது. பெரிசே?"

"சின்னன்தான்" என்றேன்.

"ஐயா கண் மூடவேயில்லை அம்மா" என்றான் சீலன்.

எங்கள் ஊரில் போகிறவன் 'போறன்' என்று சொல்லமாட்டான், 'வாறன்' என்றுதான் சொல்லிப் போவான். படம் எடுக்கிற அவசரத்தில் அவன் விடைபெற்றுப் போயிருக்கிறான். நீங்கள் அதை வாக்கென்று எடுத்து இரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறீர்கள்.

"அடுத்த மாரிக்குப் பாப்பம்" என்றீர்கள். மாரி வந்தது. நீங்கள் எங்கே?

முப்பத்தோராம் நாள் உங்கள் நினைவாகக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில் அவன் எழுதியதைக் கேளுங்கள்: 'அத்தானின் கடைசி ஆசையான அருவியைக் கைபிடித்துக் காட்டினேன்.' அச்சில்! பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். ஊர் வாசித்துவிட்டு அவனை மெச்சுகிறது. அதனால்தான் வருசம் முடிகிற ஆட்டைத் திவசப் புத்தகத்தில் இந்தக் கடிதத்தை ஒரு எழுத்துக் குறையாமல் போடச் சொன்னேன். "மாமா பாவம் அம்மா" என்று சாந்தி அழுகிறாள். ஆர் பாவம்?

இன்னொன்று. அன்றைக்கு நானும் பொய் சொன்னேன். அருவி பெரிசு. நீங்கள் இழுத்த தண்ணீர் முழுவதும் ஒன்றாக விழுந்தது போலப் பெரிசு.

திவசத்துக்கு அவன் வருவான். சாப்பிடட்டும். எழும்பி "அக்கா, வாறன்" என்பான். சபை கேட்கச் சொல்வேன்: "உந்தச் சொல் இஞ்சை வேண்டாம். போறன் எண்டு சொல்லிப் போ." இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

என்றைக்கும் உங்கள் மனுசி,
இனி அக்கா இல்லை குணரத்தினத்துக்கு.