இமெல்டாவின் காணி வந்த வழி

லாசால், மொன்றியல்
ஒக்டோபர் 14

அன்பான அருமைராசா பாதருக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி ஏற்றி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மனைவி ஜெயனி உங்களைச் சுகம் விசாரிக்கச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது.

புது ஆயராக வேறொருவரின் பெயர் வந்த அன்று, தப்பினேன் என்று தொலைபேசியில் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

தவக்காலத்தில் பாப்பரசரின் தூதுவரிடமிருந்து எனக்கொரு வினாத்தாள் வந்தது. போர்க்காலத்தில் உங்கள் கோவில் பங்குச் சபைச் செயலாளராக இருந்தவன் என்பதால், உங்களை ஆயராக்கலாமா என்று என்னையும் கேட்டிருந்தார்கள். எவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. தாளில் நல்லதைத்தான் எழுதினேன். பிழை விட்டது வாயால்.

தங்கை இமெல்டாவின் காணியை இராணுவத்திடமிருந்து விடுவிக்க, கொழும்பில் அமைச்சராக இருக்கும் ஒருவரின் மச்சானான ஆரூரனிடம் இங்கே நடையாய் நடந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சிநேகிதர் ஆயராகப் போகிறார், என்னிடமே கேட்டிருக்கிறார்கள் என்று உளறிவிட்டேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"நியமிக்கிறது உரோமாபுரிதான் அண்ணை. ஆனா கொழும்புக்குப் பிடிக்காத ஆளெண்டால் அவையளும் யோசிப்பினம்."

பிறகு, இராணுவம் சனத்தை அடைத்து வைத்த முகாமில் நடந்ததை வெளிநாட்டுக்காரரிடம் சொன்ன பாதர் நீங்கள்தானா என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காணி விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. ஓம் என்றேன்.

இரண்டு மாதத்தில் காணி விடுபட்டது. போன கிழமை ஆரூரன் தொலைபேசி எடுத்து, அமைச்சர் உங்களுக்கு எதிராகத் தூதுவரோடு கதைத்த விவரத்தைச் சொல்லி, எனக்கு நன்றியும் சொன்னார். வெட்கமாக இருக்கிறது பாதர். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழும்பவில்லை. முழங்கால் வலி என்று ஜெயனி நினைத்துக்கொண்டாள்.

மார்கழியில் வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்க இமெல்டா உங்களைத்தான் அழைத்திருக்கிறாளாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீங்களும் தெரியாமல் அந்த மண்ணில் தீர்த்தம் தெளிப்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் எழுதினேன். எழுதிவிட்டு, போகாமல் விடுவீர்களோ என்று பயப்படுகிறேன்.

போங்கள் பாதர். கல்லைச் செபம் சொல்லி மந்திரித்து வையுங்கள். அவளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுங்கள். என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

இன்னும் 'உங்கள்' என்று எழுதலாமோ தெரியாத,
மரியதாசன்