சிட்டுவின் குரைப்பும் உங்கள் பகல் தூக்கமும்

அக்கா,

இன்று காலை மாடிப்படியில் தலைவலித் தைல வாசனை அடித்தது. புதிதாகக் குடிவந்தவர்களில் யாரோ பூசியிருப்பார்கள். எனக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நைட் டியூட்டி முடிந்து, நர்ஸ் உடையோடு, நெற்றியில் தைலம் மினுங்கப் படியேறி வருவீர்களே, அந்த நீங்கள்.

அப்போது சிட்டுவுக்கு ஐந்து மாதம். ஊரப்பாக்கத்து ஃபிளாட்டில் ஒரு சிப்பிப்பாறை வேட்டை நாயை வளர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாமல் வாங்கிவந்துவிட்டேன். நான் சிறுசேரிக்கு வேலைக்குக் கிளம்பியதும் குரைக்கத் தொடங்கும். எனக்கு நேர் கீழ் வீட்டில் நீங்கள் கண்ணயர்கிற நேரம் அது. அசோசியேஷனில் புகார் எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு மாதத்தில் நாய் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து நீங்களே வந்து கதவைத் தட்டினீர்கள். கையில் ஒரு தாள். வார்டில் காய்ச்சல் குறிப்பதுபோல, சிட்டு குரைத்த நேரங்களைக் குறித்திருந்தீர்கள்.

"தம்பி, நீங்க போன உடனே அரை மணி நேரம் கத்துது. அப்புறம் பதினோரு மணிக்கு, பால்கனிக்கு அணில் வர்றப்போ. நடுவுல சும்மாதான் இருக்கு. தனியா இருக்க பயப்படுது, அவ்வளவுதான்."

"அதட்டித்தான் பாக்கறேன் அக்கா."

"நீங்க போடற சத்தமும் எனக்குக் கேக்குது," என்றீர்கள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் ஏரிக்கரையில் அதை மூச்சு வாங்க ஓடவிட்டேன். பால்கனிக்குத் தட்டி கட்டினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, அது குரைக்குமுன் திரும்ப உள்ளே போகும் பழக்கம். முதலில் பத்து நொடி, அப்புறம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். நாய் என்றாலே உங்களுக்குப் பயம். உள்ளே வரமாட்டீர்கள். படியில் உட்கார்ந்து, சொக்கும் கண்ணோடு வாட்ச் பார்த்து நேரம் சொல்வீர்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மறுபடி காலை முழுக்கக் கத்தித் தீர்த்தது. யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாம். கெடறது என் தூக்கம்தானே," என்று சொல்லி, நீங்களே போய்ப் புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். அந்த வாரத்தில்தான் சிட்டு அடங்கியது.

இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. பகலெல்லாம் படுக்கை. ஒரு நாள் நான் இட்லி கொண்டுவந்தபோது கேட்டீர்கள்: "மேல சத்தமே இல்ல தம்பி. என்னவோ மாதிரி இருக்கு. ஒரு தடவை குரைக்கச் சொல்லுங்களேன்."

சிட்டு குரைக்கவில்லை. கோழித் துண்டைக் காட்டிக் காட்டி, "பேசு" என்று நாலு நாள் பழக்கினேன். ஐந்தாம் நாள் பால்கனியில் நின்று ஒரே ஒரு முறை குரைத்தது. கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது: "போதும் சிட்டு, நான் தூங்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை.

அந்தச் சிரிப்பு என்னிடம் இருக்கிறது அக்கா. இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் புகார் எழுதிய பிறகு, படியில் எதிரே வந்த உங்களைப் பார்த்தும் பாராததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனையோ முறை இறங்கிப் போனேன். அதற்காக உங்களிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை.