நீ நிறுத்தச் சொன்ன கால்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நலம், அங்கு நலமா என்று தொடங்கத்தான் கை போனது. ஆனால் உன் நலத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். நீ அழுவாய். நான் கேட்க வந்ததைக் கேட்காமலே உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நம் இருவருக்கும் இதுதானே வழக்கம். அதனால்தான் கடிதம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் தையல் பிரித்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து சமையலறை வரைக்கும் நடக்கிறேன். உன் அத்தான் குளியலறைச் சுவரில் கைப்பிடி போடுகிறேன் என்று ஓட்டை போட்டுக் குழாயை உடைத்துவிட்டார். இரண்டு நாள் வீடு முழுக்க ஈரம். அவர் போடுகிற டீயைப் பற்றி எழுதினால் நீ சிரித்துவிடுவாய், உன்னைச் சிரிக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை. இத்தனை வருஷமாக என்னைத் தூங்கவிடாத இடுப்பு வலி போய்விட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். ஆனால் கால் இன்னும் குட்டைதான். முன்பு நாலு விரல் குட்டை. இப்போது ஒன்றரை விரல்.

நேற்று குழாயைச் சரிசெய்துகொண்டே உன் அத்தான் வாய் தவறி உளறிவிட்டார். "ஒன்றரை விரலோட போச்சேன்னு நினைச்சுக்க, உன் தங்கச்சி மட்டும் அங்க இல்லன்னா" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். விடுவேனா? உட்காரவைத்துக் கேட்டேன். நீ அவரிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தாயாம், எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"லீவு கிடைக்கலக்கா, மனசெல்லாம் அங்கதான் இருக்கும்" என்றாயே, உன் மனசு மட்டுமா இருந்தது? நீயே இருந்திருக்கிறாய். இந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனின்போது நரம்பைக் கண்காணிக்கச் சொந்தமாக ஆள் கிடையாது, உன்னைப்போல் அந்த வேலை செய்கிறவர்களை வெளியிலிருந்துதான் வரவழைப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, யாருக்கோ வரவேண்டிய முறையை நீ கேட்டு வாங்கியிருக்கிறாய். நான் மயங்கிய பிறகு முகமூடியோடு உள்ளே வந்து, என் கெண்டைக்காலிலும் பாதத்திலும் தலையிலும் ஊசியைக் குத்திவிட்டு, மூலையில் உன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். படுத்திருப்பது உன் அக்கா என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் மூச்சுகூட விடவில்லை. நான் கண் விழிப்பதற்குள் ரயிலேறிவிட்டாய். ஏண்டி, நான் உனக்கு அக்காவா, இல்லை திருடன் நோட்டம் பார்த்துப் போகிற வீடா?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். மற்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வார்டில் இருந்தபோதே டாக்டர் எல்லாம் சொன்னார். நல்ல மனிதர், எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவர். பிறக்கும்போதே கிண்ணத்தில் உட்காராமல் மேலே ஏறிக்கொண்ட இடுப்பு என்னுடையது. அதைக் கீழே இறக்கிப் புதுக் கிண்ணத்தில் உட்காரவைக்கக் காலை இழுக்கவேண்டும். இழுக்கும்போது பின்பக்கமாகப் பாதம் வரை போகிற பெரிய நரம்பு விறைக்கும். கணுக்காலில் லேசாக மின்சாரம் தட்டி, அது தலைவரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் அம்மா வந்திருந்தார்கள் என்றார். முதல் இழுப்பில் ஒன்றுமில்லையாம். கால் முழுசாகச் சமமாகட்டும் என்று கிண்ணத்தில் பொருந்துகிற உருண்டையில் பெரியதைப் போட்டுப் பார்த்தபோது திரையில் அந்த நரம்பின் கோடு அமுங்கத் தொடங்கியதாம். அந்த அம்மா நிறுத்தச் சொன்னார்களாம். முழங்காலை மடக்கிப் பார்த்தார்கள். மயக்க டாக்டர் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தார். நல்ல காலின் கோடு அசையாமல் நின்றது, ஆகவே இது மயக்க மருந்தின் வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கோடு பாதிக்குக் கீழ போனா நாங்களே இழுக்கறத நிறுத்திடுவோம். இது சரியா பாதியில நின்னுச்சு. வேற யாராவது இருந்தா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்னு சொல்லியிருப்பாங்க. அந்தம்மா கேக்கவே இல்ல. பெரிய உருண்டைய எடுங்க, எடுங்கன்னு நின்னுட்டாங்க." சின்ன உருண்டையை மாற்றிப் போட்டதும் கோடு பழையபடி எழுந்துவிட்டதாம். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் ஒரு முட்டாள், அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்றேன். அந்த நன்றியை இப்போது திருப்பிக் கேட்கிறேன்.

நான் என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்கு முந்தின வாரம் போனில் உன்னிடம் சொன்னேனே. பாதம் மரத்துப்போனாலும் போகட்டும், இரண்டு காலும் சமமாக நிற்கவேண்டும் என்றேன். டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். அவராவது பார்ப்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நீ "சரிக்கா, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றாய். சரி என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அது என் கால். அதில் முடிவு சொல்ல உன்னை யார் கூப்பிட்டார்கள்?

பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு நான் ஏன் ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறாய்? கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் என் கால் யாருக்கும் தெரியாது. என்னோடு சிரித்துச் சிரித்துப் பேசிச் சில்லறை வாங்கிப் போகிற மனிதர், வேலை முடிந்து நான் வெளியே நடந்து வருவதைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொள்வார். பாவம் என்கிற முகம். அந்த முகத்தை ஒருநாள்கூடப் பார்க்காமல் வீடு வந்து சேரவேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசையா இது? ஆபரேஷனுக்குப் போகிற அன்று உயரம் வைத்த செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் போனேன். இப்போது மறுபடியும் கால் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். செருப்புக் கடைக்காரர், உயரம் ரொம்பக் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டார். அவருக்கு என்ன தெரியும்?

உடற்பயிற்சி அறைக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். எனக்கு அடுத்த கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். விபத்தில் இடுப்பு எலும்பு நொறுங்கி, வேறு எங்கோ ஆபரேஷன் செய்துகொண்டவர். எலும்பெல்லாம் அழகாகக் கூடிவிட்டது. இரண்டு காலும் சமம். நிற்கும்போது பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஆனால் நரம்பு கெட்டு வலது பாதம் தொங்குகிறது. ஒரு அடி எடுத்து வைக்க முழங்காலை மேலே தூக்கிப் பாதத்தைப் பொத்தென்று போடுகிறார். நாள் முழுவதும் துணிப்பட்டையைப் பாதத்தில் மாட்டிக் கையால் இழுத்துத் தூக்குகிறார். லாரியில் பிரேக் மிதிக்கிற கால் அது. அவர் ஆபரேஷனின்போது கோடு பார்க்க யாரும் உட்காரவில்லையாம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்.

பயிற்சி கொடுக்கிற பெண் என்னையும் பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினேன். ஒரு பிரச்சினையும் இல்லாமல் எழுந்து வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே இருந்தேன். உன் அத்தான் குளிருகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதை எழுதுவதால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கோடு தானாகவே எழுந்திருக்குமோ என்னவோ, அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எழுந்திருந்தால் எனக்கு இரண்டு காலும் கிடைத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்குத் தராமல் போனாயே என்றுதான் வயிறு எரிகிறது.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். அந்த மேசையில் படுத்திருந்தவள் உனக்கு யாரோ ஒருத்தியாக இருந்து, கோடும் அதே பாதியில் நின்றிருந்தால், அப்போதும் எடுக்கத்தான் சொல்லியிருப்பாயா? இல்லை, என் கால் என்றதும் பயந்துவிட்டாயா?

யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன் என்றால், ஒரு வரி எழுதிப் போடு. அது உன் வேலை, உன் வேலையில் நான் மூக்கை நுழைக்கமாட்டேன். பயந்துதான் சொன்னேன் என்றால் எழுதாதே. தாளில் படித்தால் கிழித்துப் போட்டுவிடுவேன். லீவு போட்டுவிட்டு வா. முகமூடி இல்லாமல் எதிரில் உட்கார்ந்து உன் வாயால் சொல். நன்றாகத் திட்டுவேன், கேட்டுக்கொள். அத்தான் டீயையும் குடிக்கவேண்டியிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்ணுக்கு ஓய்வு கொடு. உன் கண்ணை நம்பி அங்கே இன்னும் எத்தனையோ பேர் படுப்பார்கள். நீ நன்றாக இருக்கவேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் இந்தத் தடவையாவது நான் கண் விழித்திருக்கும்போது வாடி.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் இன்னும் தீராத
அக்கா